காத்திருக்கும் பள்ளி

ஜூன் 18

என்னங்க,

போன்ல இனிமே இந்தப் பேச்சு வேண்டாம்னு சொன்னது நான்தான். அன்னைக்கு நான் பாதியில வச்சதும் அத்தை வந்து, "என் பையன் என்ன சொன்னான்?"னு கேட்டாங்க. சிக்னல் போயிடுச்சுன்னேன். "உனக்குக் கோபம் வந்தா மட்டும் எப்படித்தான் சிக்னல் போகுதோ"ன்னாங்க. அதான் எழுதறேன். எழுதினா நீங்க குறுக்கே பேச முடியாது, நானும் பாதியில வைக்க முடியாது.

உங்க ஆராய்ச்சியில எங்க பள்ளிக்கூடத்தைச் சேர்க்கணும்னு தலைமையாசிரியை பின்னாடி அலைஞ்சு சம்மதம் வாங்கினது யாரு? பிள்ளைங்களுக்குத் தினமும் ஒரு மணி நேரம் விளையாட்டு, தனியா ஒரு பயிற்சியாளர், பந்து, கயிறு, வளையம், மைதானத்தைச் சமப்படுத்தறது, எல்லாம் கிடைக்கும்னு சொல்லித்தான் வாங்கினேன். இப்போ எந்தப் பள்ளிக்கு மொதல்லன்னு போட்ட குலுக்கல்ல எங்களுக்கு விழுந்தது என்ன? "காத்திருக்கும் பள்ளி." இந்த வருஷம் பூரா ஒண்ணும் மாறக்கூடாதாம். அப்பப்போ ஆள் வந்து பிள்ளைங்க இடுப்புல தீப்பெட்டி மாதிரி ஒரு கருவியைக் கட்டி, எவ்வளவு ஓடியாடறாங்கன்னு அளந்துட்டுப் போவாங்களாம். மத்ததெல்லாம் அடுத்த வருஷமாம்.

வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற பள்ளிக்குத்தான் விளையாட்டு விழுந்திருக்கு. அங்க விசில் ஊதினா இங்க கேக்குது. எங்க பிள்ளைங்க மாடிப்படியில நின்னு எட்டிப் பாக்கறாங்க. என் பி.டி. பீரியடை வேற கணக்கு வாத்தியார் கைமாத்து வாங்கற மாதிரி வாங்கிட்டுப் போயிடறார். திருப்பித் தந்ததே இல்லை.

ஏழாம் வகுப்புல ஒருத்தி இருக்கா. அவ வகுப்பே அவளுக்கு "லீவு லெட்டர்"னு பேர் வச்சிருக்கு. வயித்துவலி, கால்வலி, தலைசுத்தல்னு ஏதாவது ஒரு சீட்டோட வந்து குழாயடி மேடையில உக்காந்துடுவா. போன வருஷம் பையன்களை முந்தி ஓடினவ அவ. இப்போ அவளும் படியில நின்னு அந்தப் பக்கம் பாக்கறா. நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா குலுக்கல் மாறியிருக்காதா?

அத்தை உங்க செருப்பை இன்னும் வாசல்லயே வச்சிருக்காங்க. வீட்டுல ஆம்பளை இருக்குன்னு நாலு பேருக்குத் தெரியட்டும்ங்கறாங்க. பள்ளி விட்டு வரும்போது அதைப் பாத்தா, நீங்க உள்ள இருக்கீங்கன்னு ஒரு நொடி தோணிடும். அந்த ஒரு நொடி உங்க மேல கோபம் இருக்காது.

உங்க மாஸ்டர்


ஜூன் 29

அன்புள்ள மாஸ்டருக்கு,

குறுக்கே பேச முடியாத கடிதம் வந்து சேர்ந்தது. திரும்பத் திரும்பப் படித்தேன். கடைசிப் பத்தியை மட்டும் இன்னும் அதிகமாக.

குலுக்கல் நடந்த அறைக்குள் நான் போகவில்லை. என் மனைவி வேலை பார்க்கும் பள்ளி அதில் இருக்கிறது என்று ஆராய்ச்சியை நடத்தும் பேராசிரியையிடம் முதலிலேயே சொல்லியிருந்தேன். அதனால் உங்கள் பள்ளியின் கணக்கு எதுவும் என் மேசைக்கு வராது. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்கிறாய். அந்த ஒரு வார்த்தையைச் சொல்கிறவன் இந்த வேலைக்கே லாயக்கில்லை.

காத்திருக்கும் பள்ளி எதற்கு என்று கேட்டாய். போனில் நான் சொன்ன விதம் சரியில்லை, பாடம் நடத்துவது போல் ஆகிவிட்டது. இப்போது சொல்லிப் பார்க்கிறேன். ஒரு வருடத்தில் பிள்ளைகள் தானாகவே வளர்கிறார்கள், மாறுகிறார்கள். மழை அதிகம் பெய்தால் வீட்டுக்குள்ளேயே இருக்கிறார்கள், ஒரு நல்ல பந்தாட்டக்காரரைத் தொலைக்காட்சியில் பார்த்தால் தெருவுக்கு வந்துவிடுகிறார்கள். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் பிள்ளைகள் கூடுதலாக ஓடினால், அது நாங்கள் கொடுத்த விளையாட்டால்தானா என்று எப்படித் தெரியும்? பக்கத்திலேயே ஒன்றும் கொடுக்காத பள்ளி ஒன்று இருந்தால்தான் தெரியும். அது தெரிந்தால் எல்லாப் பள்ளிகளுக்கும் கேட்டு வாங்கலாம். தெரியாவிட்டால், "விளையாட்டா, அதற்கு நேரமில்லை" என்று கணக்கு வாத்தியார்கள் சொல்லிக்கொண்டே இருப்பார்கள்.

இங்கே நான் இருக்கும் அறைக்குக் கீழே அச்சகம். பகல் முழுவதும் தரை அதிரும். ஜன்னலைத் திறந்தால் அடுக்குமாடி வீடுகளின் நடுவில் ஒரு முற்றம். அதில் கார்கள் நிற்கின்றன, "இங்கே விளையாடக் கூடாது" என்று ஒரு பலகையும் நிற்கிறது. சாயங்காலம் பிள்ளைகள் இறங்கி வந்து, அந்தப் பலகைக்கு அடியில் வரிசையாக உட்கார்ந்து போனைப் பார்க்கிறார்கள். பலகை சொன்னபடிதான் நடக்கிறார்கள், குறை சொல்ல முடியாது.

உனக்குச் சிரிப்பு வர ஒன்று சொல்கிறேன். ஒரு பையனின் கருவி, அவன் விடிந்ததிலிருந்து இருட்டும்வரை நிற்காமல் ஓடியதாகக் காட்டியது. அலுவலகமே வியந்துபோயிற்று. விசாரித்தால், கருவியை வீட்டு நாயின் கழுத்தில் கட்டிவிட்டு அவன் படுத்துத் தூங்கியிருக்கிறான்.

தயவுசெய்து அங்கே புதிதாக எதையும் ஆரம்பித்துவிடாதே. உன்னை எனக்குத் தெரியும் என்பதால் சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமைகள்தான் பெரிதாக இருக்கின்றன. கடைத்தெருவில் யாரோ விசில் ஊதினால் திரும்பிப் பார்க்கிறேன். போக்குவரத்துக் காவலராக இருக்கிறார்.

உன்னுடையவன்


ஆகஸ்ட் 7

என்னங்க,

நாய்க் கதையை அத்தைகிட்ட சொன்னேன். "அந்த நாய்க்காவது பரிசு குடுத்தாங்களா?"ன்னு கேக்கறாங்க.

இப்போ சொல்லப் போறதை என் புருஷன்கிட்ட சொல்றேன். ஆராய்ச்சிக்காரர்கிட்ட இல்லை. ரெண்டையும் பிரிச்சுப் படிக்க உங்களால முடியுமான்னு தெரியலை. ஆனா உங்ககிட்ட சொல்லாம ஒரு காரியம் பண்ணினா எனக்குச் சோறு இறங்காது.

நூலகத்துக்குப் பின்னாடி உடைஞ்ச பெஞ்சு போட்டு வச்சிருக்கிற அறை இருக்கே, போன மாசம் அதை ஒழிச்சேன். வேற எதுக்கும் இல்லை, பாய்களை அடுக்க இடம் வேணும்னுதான். மதியம் சாப்பாட்டு நேரம். கையில ஒரு கயிறு கிடைச்சுது. ஆளில்லையேன்னு நானே குதிச்சுப் பாத்தேன். நிமிந்து பாத்தா வாசல்ல லீவு லெட்டர் நிக்கறா.

"என்னடி, இன்னைக்கு எந்த வலி?"ன்னேன்.

"ஒண்ணுமில்லை மிஸ்." கொஞ்ச நேரம் நிலைப்படியைச் சுரண்டிட்டே நின்னா. அப்புறம், "கதவைச் சாத்திட்டா நானும் குதிக்கலாமா?"ன்னா.

"மைதானத்துல குதிச்சா என்ன?"

"அங்க எல்லாரும் பாப்பாங்க மிஸ். நான் குதிச்சா பையனுங்க சிரிக்கறாங்க. எங்க அம்மாவும் வளந்த பொண்ணு மாதிரி இருன்னு சொல்லிட்டாங்க."

நான் கதவைச் சாத்தினேன். வேற என்னங்க பண்ணுவேன்? சாத்தினதும் அந்தப் பொண்ணு குதிச்ச குதி இருக்கே, மேல இருந்த தூசியெல்லாம் கொட்டுது. மூச்சு வாங்கிட்டு, முகமெல்லாம் சிவந்து, சிரிச்சா. அவ சிரிச்சு நான் பாத்து ஒரு வருஷத்துக்கு மேல ஆகுது.

மறுநாள் கூட ஒருத்தியைக் கூட்டிட்டு வந்தா. அப்புறம் ஒருத்தரைப் பாத்து ஒருத்தர். இப்போ அறை கொள்ளலை. சாப்பாட்டு டப்பாவை அவசர அவசரமா மூடிட்டு ஓடி வருதுங்க. குழாயடி மேடை காலியா கிடக்கு.

இதை ஆரம்பிக்கணும்னு நான் ஆரம்பிக்கலை. ஆனா ஆரம்பிச்சிடுச்சு.

நீங்க இருந்தா இந்நேரம் சமையல்கட்டுல நின்னு, கையில டம்ளரை வச்சுக்கிட்டு, "சரி, மேல சொல்லு"ன்னு கேட்டிருப்பீங்க. டீ ஆறிப்போயிருக்கும். அதுதான் இப்போ வேணும்போல இருக்கு.

மாஸ்டர்


ஆகஸ்ட் 16

மாஸ்டர்,

பிரித்துப் படிக்க முடியவில்லை. முயற்சி செய்தேன்.

கணவனாகப் படித்தபோது அந்தப் பெண் சிரித்த இடத்தில் எனக்குக் கண் கலங்கியது. மறுநாள் அலுவலகத்தில் உட்கார்ந்தேன். எதிர் மேசையில் இருப்பவர், "காத்திருக்கும் பள்ளிகளெல்லாம் ஒழுங்காக இருக்கின்றனவா?" என்று யாரிடமோ கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். நான் இப்படித் தலை குனிந்து நீ பார்த்ததில்லை.

ஏன் என்னிடம் சொன்னாய்? இப்போது எனக்குத் தெரிந்துவிட்டது. நான் சொன்னால் உங்கள் பள்ளியை ஆராய்ச்சியிலிருந்து எடுத்துவிடுவார்கள். அடுத்த வருடம் வரவேண்டிய பயிற்சியாளர், மைதான வேலை எதுவும் வராது. அது அந்தக் கதவுக்குப் பின்னால் இருக்கும் சில பெண்களுக்கு மட்டும் போகாது, மொத்தப் பள்ளிக்கும் போகும். சொல்லாவிட்டால், இங்கே எல்லோரும் நம்பி எழுதும் கணக்கில் ஒரு பொய் இருக்கும். அது யாருக்கும் தெரியாது, எனக்குத் தெரியும்.

நிறுத்திவிடு. அடுத்த ஜூன்வரைதானே. அந்தப் பெண்களிடம் அறையில் பூச்சி வந்துவிட்டது என்று ஏதாவது சொல். கெஞ்சிக் கேட்கிறேன்.


செப்டம்பர் 3

நிறுத்தினேன்.

நீங்க சொன்ன மாதிரியே பூச்சின்னு சொல்லிப் பூட்டினேன். மொத நாள் வந்து பூட்டைப் பாத்துட்டுப் போனாங்க. மறுநாளும் வந்தாங்க. அப்புறம் ஒருத்தி வீட்டுலேருந்து பூச்சி மருந்தே கொண்டுவந்துட்டா. என் கையில குடுத்து, "இதை அடிச்சா போயிடும் மிஸ், எங்க அப்பா சொன்னாரு"ன்னா. அதை வாங்கிக்கிட்டு நான் எங்க போய் மூஞ்சியை வச்சுக்கறது?

லீவு லெட்டர் வெள்ளிக்கிழமை ஒரு சீட்டோட வந்தா. கால்வலின்னு எழுதியிருந்தது. குழாயடியில போய் உக்காந்துட்டா.

திங்கக்கிழமை பூட்டைத் திறந்துட்டேன்.

பன்னிரண்டு வயசுல ஓட்டத்தை விட்ட பொண்ணு, அடுத்த ஜூன்ல திரும்பி வரும்னு உங்களால எழுதித் தர முடியுமா? முடியாது. நீங்க சொல்லணும்னா சொல்லிடுங்க. என்னால அந்த முகத்துக்கு முன்னாடி இன்னொரு பொய் சொல்ல முடியாது. உங்களாலயும் உங்க ஆளுங்களுக்கு முன்னாடி முடியாதுன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் எழுதறேன்.

அத்தைக்கு முட்டிவலி பரவாயில்லை.


அக்டோபர் 12

அன்புள்ள மாஸ்டருக்கு,

இத்தனை நாள் எழுதாமல் இருந்ததற்குக் கோபம் காரணமில்லை. சொல்லிவிட்டு எழுதலாம் என்றிருந்தேன். சொல்வதற்கு இவ்வளவு நாள் ஆகிவிட்டது.

பேராசிரியையின் அறைக்குப் போனேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே முழுவதும் கேட்டார். பிறகு, "உங்க மனைவி செஞ்சது தப்பா?" என்றார்.

"இல்லை மேடம்."

"நீங்க வந்து என்கிட்ட சொன்னது தப்பா?"

"அதுவும் இல்லை."

"அப்போ யாரும் தப்பே பண்ணாம எனக்கு ஒரு பள்ளி போயிடுச்சு" என்றார். சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. அந்த அறையில் பெண்கள் என்னென்ன செய்கிறார்கள், ஆர்வம் குறையாமல் வருகிறார்களா என்று விசாரித்தார். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். "ஆரம்பத்துல எல்லாக் கதவுக்கும் கூட்டம் வரும். அது எவ்வளவு நாள் நிக்குதுன்னுதான் பாக்கணும். நான் அவங்களைக் குறை சொல்லலை. இருபது வருஷமா எனக்கும் அதுதான் தெரியலை" என்றார்.

உங்கள் பள்ளியை எடுத்துவிட்டார்கள். தலைமையாசிரியைக்கு முறையான தகவல் வரும். அதற்கு முன் உனக்கு என் கையால் தெரியட்டும் என்றுதான் எழுதுகிறேன். வேறொரு பள்ளியைச் சேர்ப்பதா, உள்ளதை வைத்தே முடிப்பதா என்று பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

உன்னைக் காட்டிக்கொடுத்துவிட்டேன் என்று நீ நினைத்தால் மறுக்க மாட்டேன். ஆனால் அன்று அலுவலகத்திலிருந்து நடந்தே அறைக்கு வந்தேன். வழியெல்லாம் உன்னிடம்தான் பேசிக்கொண்டு வந்தேன், வாய்விட்டே பேசினேன் போலிருக்கிறது. எதிரே வந்த ஓர் அம்மாள் ஒதுங்கி நடந்தார்.

உன்னுடையவன்


நவம்பர் 21

என்னங்க,

தலைமையாசிரியை கூப்பிட்டு விட்டாங்க. உக்காரச் சொல்லலை. "உன் வீட்டுக்காரர் வேலையை நம்பித்தானே கையெழுத்துப் போட்டேன், நீயே கெடுத்துட்டியே"ன்னாங்க. கணக்கு வாத்தியார் ஓரமா நின்னு பாவம்ங்கற மாதிரி பாத்தார், அதுதான் தாங்க முடியலை. மைதானம் போச்சு. பயிற்சியாளரும் வரப்போறதில்லை. பசங்களுக்கு இது எதுவும் தெரியாது. அவங்க இன்னும் மேடு பள்ளத்துல பந்தை உதைச்சுக் காலைச் சுளுக்கிட்டு வர்றாங்க. மருந்து தடவும்போதெல்லாம் எனக்கு உறுத்துது.

இன்னொண்ணும் சொல்லணும். உங்க பேராசிரியை சொன்னது சரிதான். அறைக்கு வர்றவங்க பாதியாயிட்டாங்க. சிலருக்கு டியூஷன். ரெண்டு பேருக்குள்ள சண்டை, அவங்க கூட்டாளிங்களும் வர்றதில்லை. சிலருக்குச் சும்மாவே அலுத்துப் போச்சு. மீதிப் பேர் வர்றாங்க. லீவு லெட்டர் வர்றா, ஆனா சில நாள் சுவத்துல சாஞ்சு கதை பேசிட்டுப் போயிடறா.

அவ தேறினது கயித்தாலயா, கதவாலயா, நான் கூட இருந்ததாலயா, இல்லை அவளுக்கே அந்த வயசு பழகிடுச்சான்னு யாராவது கேட்டா எனக்குச் சொல்லத் தெரியாது. நீங்க ஜூன்ல எழுதினது இப்போதான் மண்டையில ஏறுது. ஆனா இன்னொரு தடவை அவ வந்து நிலைப்படியைச் சுரண்டினாலும் நான் கதவைச் சாத்திக் கயித்தைக் குடுப்பேன். அதுல மாத்தமில்லை.

நீங்க பேராசிரியைகிட்ட சொன்னது எனக்கு வலிச்சுது. சொல்லாம விட்டிருந்தா, மார்ச்ல வேலை முடிஞ்சு நீங்க வீட்டுக்கு வந்ததும் என் முகத்தைப் பாக்காம சாப்பிட்டிருப்பீங்க. அதுக்கு இது மேல்.

மார்ச்தானே? அத்தை இப்பவே உங்க தலையணை உறையைத் துவைச்சுப் போட்டாச்சு. நானும்தான் அதை எடுத்து மடிச்சு வச்சேன்.

மாஸ்டர்


ஜனவரி 15

அன்புள்ள மாஸ்டருக்கு,

இதை எப்படி எழுதினாலும் ஒன்றுதான். மார்ச்சில் நான் வரவில்லை.

உங்கள் பள்ளிக்குப் பதிலாக வேறொரு பள்ளியைச் சேர்த்துவிட்டார்கள். அந்தப் பள்ளிக்கு முதலிலிருந்து ஒரு வருடம் ஓடியாக வேண்டும். மற்ற பள்ளிகளையும் கூடவே தொடர்ந்து அளப்பது என்று முடிவு. இடையில் ஆள் மாறினால் அளக்கும் கையும் மாறும், அது கூடாது. "நீங்க போகணும்னா நான் தடுக்க மாட்டேன்" என்றார் பேராசிரியை. இருக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்காமல் சொன்னேன். கேட்டிருந்தால் நீ என்ன சொல்லியிருப்பாய் என்று தெரியும், அதைக் கேட்டால் நான் வந்துவிடுவேன் என்றும் தெரியும்.

நீ அந்தக் கதவைச் சாத்தியதால்தான் இன்னும் ஒரு வருடம் என்று கணக்குப் பார்த்து உன்மேல் பழிபோட ஒரு நாள் மனது போயிற்று. மறைக்காமல் சொல்கிறேன், போயிற்று. அடுத்த நாள் புதிய பள்ளிக்குப் போனோம். மைதானத்தின் ஓரமாக ஒரு சுவர். சுவரை ஒட்டிப் பெண்பிள்ளைகள் வரிசையாக, துப்பட்டாவையும் பையையும் மார்போடு பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்கள். இத்தனை வருடம் இதே வேலை பார்க்கிறேன். அந்த வரிசையைப் பார்த்துப் "பங்கேற்பு குறைவு" என்று எழுதியிருக்கிறேன். அன்று எழுதக் கை வரவில்லை. ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு போனேன். நீ பக்கத்தில் இருந்தால் எந்தப் பெண்ணிடம் முதலில் போவாய் என்று யோசித்தேன்.

அம்மாவிடம் நீயே பக்குவமாகச் சொல்லிவிடு. என்னால் முடியாது.

இங்கே பனி அதிகம். போர்வைக்குள் கால் சூடாக ரொம்ப நேரம் ஆகிறது. இதற்குமேல் எழுதினால் நீ சிரிப்பாய்.

உன்னுடையவன்


பிப்ரவரி 9

என்னங்க,

கடுதாசி வந்தது சாயங்காலம். பள்ளி விட்டு எல்லாரும் போயாச்சு. மைதானத்து ஓரமா நின்னு பிரிச்சேன். முதல் வரியைப் படிச்சதும் மடிச்சுப் பையில வச்சுட்டேன். வீட்டுக்குப் போனா அத்தை முகத்தைப் பாக்கணும். நிக்கவும் முடியலை. அதனால ஓட ஆரம்பிச்சேன்.

பிள்ளைங்களை ஓட வச்சிருக்கேன், கூட ரெண்டடி ஓடியிருக்கேன். எனக்காக நான் ஓடினது காலேஜோட சரி. செருப்பைக் கழட்டிட்டு, புடவையை இழுத்துச் செருகிட்டு, அந்த மேடு பள்ளத்துல ஒரு சுத்து. நெஞ்சு கிழியற மாதிரி இருந்தது. நிறுத்தினா அழுதுடுவேன்னு இன்னொரு சுத்து.

பஸ்ஸுக்கு நின்னுட்டிருந்த பிள்ளைங்க வேலிப் பக்கம் வந்து பாத்தாங்க. பையன்கள் சிரிச்சானுங்க. நல்லாவே சிரிச்சானுங்க. நான் நிக்கலை. திரும்பிப் பாத்தா, பையைக் கீழ போட்டுட்டு லீவு லெட்டர் பின்னாடி வர்றா. திறந்த மைதானத்துல, அத்தனை பேர் பாக்க.

"மிஸ், ஏன் ஓடறீங்க?"ன்னா.

"சார் மார்ச்ல வரலைன்னு எழுதியிருக்கார்."

அவ என் பக்கத்துலயே ஓடினா. கொஞ்ச தூரம் போனதும், "எனக்குக் கால் வலிக்குது மிஸ்"ன்னா. நில்லுடின்னேன். "இல்லை, நிஜமா வலிக்குது, ஆனா ஓடறேன்"ன்னா. பஸ் வந்து ஹாரன் அடிக்கற வரைக்கும் ஓடினோம். நாளைக்கு ஓடுவாளான்னு தெரியாது. இதை உங்க கணக்குல எங்கயும் சேர்க்க வேண்டாம். எங்க பள்ளிதான் அதுல இல்லையே.

அத்தைகிட்ட சொன்னேன். "அப்போ நீ போயேன்"னாங்க. எனக்கு ஏன் இது தோணலை? இத்தனை நாளா நீங்க வர்றதையே நினைச்சுட்டிருந்திருக்கேன். வேலையை விட்டுட்டு வர முடியாது, மீதிப் பிள்ளைங்க இருக்காங்க. ஆனா கோடை விடுமுறை முழுசும் என்னோடதுதான். அத்தை தன் தங்கை வீட்டுல இருந்துக்கறேன்னுட்டாங்க.

டிக்கெட் போட்டாச்சு. மே மாசம் ரெண்டாம் தேதி காலையில வந்து சேருவேன். அந்த ஊர்ல எனக்கு ஒரு தெருவும் தெரியாது. ஸ்டேஷனுக்கு வேற யாரையும் அனுப்பாம நீங்களே வாங்க. கூட்டத்துல என்னைத் தேடி அலையாதீங்க. ஒரு இடத்துல அசையாம நில்லுங்க, அது போதும். நான் ஓடி வந்துடறேன்.

மாஸ்டர்